கூரைப் பலகைக்காகச் சொன்ன கதை

என் வீட்டுக்காரர் ஐசம் ரக்கர் போய்ச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. அவர் கண்ணை மூடிய வாரமே வெள்ளைக்காரர்களின் பத்திரிகை, 'தெற்குப் படையின் விசுவாசமான கறுப்புச் சிப்பாய் மறைந்தார்' என்று நாலு வரி போட்டது. வாசித்துக் காட்டிய டீச்சர் அர்செல்லாவிடம், "அதைக் கசக்கி அடுப்புல போடு தாயி" என்றேன். சிப்பாயாம்! அந்த மனுஷன் கையில் துப்பாக்கியை யார் கொடுத்தார்கள்? ரக்கர் பண்ணையில் அடிமையாய்ப் பிறந்தவர். அடிமைகளை விட மாட்டோம் என்று தெற்கத்தி வெள்ளைக்காரர்கள் வடக்கோடு போட்ட சண்டைக்குச் சின்ன முதலாளி கேப்டனாகிக் கிளம்பியபோது, பூட்ஸ், போர்வையோடு இவரையும் சேர்த்துக் கொண்டுபோனார்கள். அப்போது இவருக்குப் பதினெட்டு வயது. பன்றிக் கொழுப்பு வறுத்தார், துணி துவைத்தார், செத்தவர்களுக்குக் குழி வெட்டினார். அவர் செய்த போர் அவ்வளவுதான்.

திரும்பி வந்தவர் அடுப்புப் பக்கமே போகவில்லை. நாற்பது வருஷக் குடித்தனத்தில் எனக்கு ஒரு வாய் காப்பி போட்டுக் கொடுத்ததில்லை. பருத்திக் காடு, கோவேறு கழுதை, ஞாயிற்றுக்கிழமை சர்ச். பேச்சும் அளந்துதான். "ரெண்டு வார்த்தை சேத்துப் பேசினா வாய் தேஞ்சிடுமா?" என்று நான் கத்தாத நாளில்லை. அதற்கும் ஒரு 'ம்'தான் பதில்.

வருஷத்தில் ஒரே ஒரு நாள் பேசுவார். ஆகஸ்ட் மாதம் பழைய படைக்காரர்கள் ஊர்த் தோப்பில் கூடி, பன்றி சுட்டுத் தின்று, ஒவ்வொருவராக எழுந்து அவரவர் வீரத்தைச் சொல்வார்கள். கடைசியில் இவரை எழுப்புவார்கள். அவர்கள் மாட்டிவிட்ட தெற்குப் படையின் சாம்பல் நிறக் கோட்டோடு நின்று, கேப்டன் காலில் குண்டு பட்டதும் முதுகில் சுமந்து நாலு மைல் நடந்த கதையைச் சொல்வார். ஆற்றுக்கு அக்கரையில் வடக்குப் படை, நீந்திப் போனால் விடுதலை, ஆனாலும் முதலாளியை விட்டுப் போக மனசு வரவில்லை என்று முடிப்பார். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். 'ஐசம் மாமா' என்று வாய் நிறையக் கூப்பிடுவார்கள். மிஸ்டர் என்று மட்டும் எவன் வாயிலும் வந்ததில்லை.

நான் சொல்ல வந்தது அந்தக் கடைசிக் கூட்டத்தைப் பற்றி. அந்த வருஷம் ஏப்ரல் சூறாவளி எங்கள் கறுப்புப் பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கூரையை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட்டது. பருத்தி எடுத்து முடிந்ததும் பள்ளி திறக்க வேண்டும். அர்செல்லா ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. கடைசியில் மர மில் டாலிவர் துரையிடம் போய் நின்றாள். படைக்காரர் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். "ஐசம் மாமா எப்பவும்போல வந்து கதை சொல்லட்டும், பலகை வண்டி தானா வரும்" என்று சொல்லி அனுப்பினார்.

இவரோ இந்தத் தடவை மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

"முடியல டெல்சி. களைச்சுப் போச்சு."

"மூட்டு வலியா? எண்ணெய் தேச்சு விடறேன்."

"மூட்டு இல்ல. அதைச் சொல்லிச் சொல்லி வாய் கசந்து போச்சு."

நான் விட்டேனா? "நாப்பத்திமூணு புள்ளைங்க மழையில உக்காரணுமா? பத்து நிமிஷக் கதை. சொன்னா உங்களுக்கு என்ன குறைஞ்சு போகுது?" என்றேன். கேட்ட இந்த வாயில் அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது இப்போது. அவர் எழுந்து அந்தச் சாம்பல் நிறக் கோட்டைத் தேடினார்.

தோப்பில் நான் பின்னால் பந்தி வேலையில் இருந்தேன். கேப்டன் ரக்கரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள் அவர் தம்பி மகள். எண்பது தாண்டிய கிழவர். இரண்டு வருஷமாக நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. இவர் எழுந்து எப்போதும் சொல்வதைச் சொன்னார். "போக மனசு வரலீங்க" என்ற இடத்துக்கு வந்தபோது கேப்டன் கைத்தடியால் தரையைத் தட்டினார்.

"பொய். இவன் ஓடினான்."

தின்றுகொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இவனும் இவன் தம்பியும். நாயை விட்டுத் தேடினோம். இவன் கரையிலேயே மாட்டிக்கிட்டான். தம்பிக்காரன் ஆத்துல எறங்கிட்டான். நான்தான் சுட்டேன்." மழை வருமா என்று கேட்கிற மாதிரி, சும்மா சொன்னார் கிழவர்.

டாலிவர் முகத்தில் சிரிப்பு செத்துப்போனது. "என்ன மாமா இது? ஓடினியா நீ?"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் எனக்குக் கூரைதான் ஞாபகம் வந்தது. ஆண்டவரே, இந்த மனுஷன் ஏதாவது சொல்லிக் கெடுத்துவிடக் கூடாதே என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். "கேப்டனுக்கு வயசாச்சுங்க துரை. வேற யாரையோ நெனச்சுக்கிட்டுப் பேசுறாரு. எனக்குத் தம்பியே கிடையாதுங்களே."

"இருந்தான்," என்றார் கேப்டன். "வைலி. அவன் பேரு வைலி."

"அப்படி யாரும் இல்லீங்க."

யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லாரும் கைதட்டினார்கள். கேப்டனின் தம்பி மகள் நாற்காலியை நிழலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். டாலிவர் இவர் தோளைத் தட்டி, "செவ்வாய்க்கிழமை பலகை வந்துடும் மாமா" என்றார்.

வண்டியில் பாதி வழி திரும்பியிருப்போம். பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"வைலி யாருங்க?"

அவர் கழுதையை ஒரு மேட்டில் ஏற்றி இறக்கிவிட்டுத்தான் சொன்னார்.

"எங்கூடப் பொறந்தவன். குதிரை பாத்துக்க அவனையும் கூட்டிட்டு வந்திருந்தாங்க. பதினாறு வயசு. ஓடிடலாம்னு சொன்னது நான்தான்."

"அப்ப முதுகுல தூக்கினது?"

"அது கேப்டன் கட்டின கதை. அடிமைங்க ஓடினது வெளிய தெரியாம இருக்க, அவர் மானத்துக்கு அது தேவைப்பட்டுச்சு. எனக்கு உசிர் தேவைப்பட்டுச்சு."

"இத்தனை வருஷம் எங்கிட்டகூடவா சொல்லல, பாவி மனுஷா?"

"உங்கிட்ட சொல்லிட்டா, அப்புறம் உன் முன்னாடி நின்னு அந்தக் கதையை எப்படிப் புள்ள சொல்றது?"

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் அழவில்லை, ரொம்பக் களைத்திருந்தார். கடிவாளத்தை என்னிடம் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன்.

"அம்பத்தேழு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் ஒரு ஆள் அவன் பேரைச் சொல்லிக் கேட்டேன்" என்றார். "அவன் பொறக்கவே இல்லைன்னுட்டேன் டெல்சி."