சுகந்தி அக்காவின் இடப்பக்க இருக்கை

இந்தச் சாமத்தில் உங்கள் போனில் இது வந்து நித்திரையைக் குழப்பியிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். பிள்ளை இப்போதுதான் கண்ணயர்ந்தான். விடிந்தால் எனக்கென்று நேரம் கிடைக்காது. சுகந்தி அக்காவிடம் கார் ஓட்டப் பழகிக்கொண்டிருந்த உங்கள் எல்லோருக்கும்தான் இதை எழுதுகிறேன்.

செய்தி வந்தபோது நான் சுன்னாகத்தில், எங்கள் தொலைபேசி நிறுவனத்தின் முறைப்பாட்டு மேசையில் இருந்தேன். எதிரே ஒரு ஐயா தன் சிம் வேலை செய்யவில்லை என்று ஏசிக்கொண்டிருந்தார். அக்காவின் கணவர் அழைப்பெடுத்து, "தர்சினி, சுகந்தி போட்டா" என்றார். வெளியில் எங்கோ போயிருக்கிறார் என்று நினைத்து நான் "எங்கை போட்டா?" என்று கேட்டுவிட்டேன். மறுமுனையில் அந்த மனிதர் விம்மிய பிறகுதான் எனக்கு விளங்கியது. நெஞ்சு நோகிறது என்றவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்திருந்தது. எதிரே நின்ற ஐயா ஏசுவதை விட்டுவிட்டுத் தன் தண்ணீர்ப் போத்தலை என் பக்கம் தள்ளினார்.

சந்திகளில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி நோட்டீசைப் பார்த்திருப்பீர்கள். அக்காவின் பெயருக்குக் கீழே "தொலைபேசி நிறுவன முன்னாள் ஊழியர்" என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். பெண்களுக்குக் கார் பழக்கியவர் என்று போட அவருடைய கணவரின் சகோதரர்களுக்குக் கூச்சமாம். அந்த நோட்டீசைப் பார்த்த நேரத்திலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

நாங்கள் இருவரும் அந்த மேசையில் பல வருடம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவர்கள். ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்தபடி, "தர்சினி, உந்தக் கதிரை என்ரை இடுப்பை முறிக்குது" என்றார் அக்கா. தான் இருக்கிற கதிரையை, எதிரில் இருப்பவரின் பக்கத்துப் பொருளைச் சுட்டுவதுபோல் யாராவது 'உந்த' என்பார்களா?

"இந்தக் கதிரை எண்டு சொல்லுங்கோ அக்கா. நீங்கள்தானே அதிலை இருக்கிறியள்" என்று பகிடி பண்ணினேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஓம் என்ன, வாய் எனக்கு முதல் கதிரையை விட்டு எழும்பிப் போட்டுது" என்றார். அந்த மாதக் கடைசியில், பெண்களுக்குக் கார் பழக்கவென்று வேலையை விட்டுவிட்டார். அவர் விடைபெற வந்த அன்று மனேஜர், "பொம்பிளையள் எல்லாம் கார் ஓடப் பழகினால் றோட்டிலை இடம் காணாது, சுகந்தி" என்று சிரித்தார். "காணாட்டி நீங்கள் கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கோ சேர்" என்றார் அக்கா, அதே சிரிப்போடு.

அவரிடம் முதலில் பழகியவள் நான்தான். நெல்லியடிச் சந்தியில் கார் நின்றுபோய், பின்னால் பஸ் ஒன்று விடாமல் ஹோன் அடித்த நாளை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

"அக்கா, நீங்கள் இஞ்சாலை வாங்கோ. என்னாலை ஏலாது."

"வரமாட்டன்."

"பஸ்காரன் ஏசுறான் அக்கா!"

"ஏசட்டும். அவன்ரை வாய்க்குக் கிளச் இல்லை. உம்மடை காலுக்குக் கீழை இருக்கு, மிதியும்."

மிதித்தேன். கார் குலுங்கி, பிறகு நகர்ந்தது.

போன மாதம் நானும் வேலையை விடுவதாக அலுவலகத்தில் சொல்லிவிட்டேன். கார் பழக்குவதற்கான அனுமதியும் கைக்கு வந்துவிட்டது. அக்காவோடு சேர்ந்து செய்வதாகத்தான் பேச்சு. இப்போது கார் நிற்கிறது, அக்கா இல்லை. அவர் கணவர் காரை என்னிடம் தரச் சம்மதிக்கிறார். மனேஜரோ, வெள்ளிக்கிழமைக்குள் மனம் மாறினால் பழைய இடத்திலேயே இருக்கலாம் என்கிறார். "அவ இருந்திருந்தால் நானே உம்மை அனுப்பியிருப்பன். இப்ப ஆரை நம்பி வேலையை விடப்போறீர்? பிள்ளையை யோசியும்" என்று என் கணவர் கேட்கிறார். அவர் கேட்பதில் பிழையில்லை. அதுதான் கஷ்டம்.

அக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது ஒரு காட்சி. பழக்குபவர் இருக்கும் இடப்பக்கத்திலும் ஒரு பிறேக் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். சுன்னாகச் சந்தைக்கு முன்னால், வெங்காய லொறிகளுக்கு நடுவே ஓட்டிக்கொண்டு போகையில் தற்செயலாகப் பக்கத்தில் பார்த்தேன். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, இருக்கையில் சம்மணம் கட்டி இருந்தார்.

"ஐயோ அக்கா, பிறேக்கிலை காலை வையுங்கோ!"

"ஏன், உம்மட்டை ஒண்டு இருக்குத்தானே?"

நேற்றுப் பின்னேரம் அந்த இருக்கையில் நானே ஏறி இருந்து பார்த்தேன். வண்டி ஓடவேயில்லை, ஆனாலும் என் கால் பிறேக்கை அழுத்திக்கொண்டே இருந்தது. அவரைப் போல் காலைத் தூக்கி வைக்க எனக்கு நாள் எடுக்கும். அதை உங்களிடம் மறைத்து என்ன பயன்?

நீங்கள் எல்லோரும் பாதியில் நிற்கிறீர்கள், சிலருக்குப் பரீட்சையும் நெருங்குகிறது. நான் அந்த இருக்கையில் இருந்தால், பழக வருவீர்களா? வரமாட்டேன் என்றாலும் எனக்குக் கோபமில்லை, அதையும் நேரே சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்கு முன்னம் தயவுசெய்து பதில் போடுங்கள்.