தண்ணீர் தடவிய செடி

நமசிவாயம் பத்தொன்பது வருடமாக விவசாய ஆராய்ச்சிக் கந்தோரில் ஏவலாள். நோய் கண்ட இலையை இடித்துச் சாறெடுத்து, சட்டிகளில் வளரும் காட்டுப் புகையிலைச் செடியின் இலையில் விரலால் தடவுவது அவர் வேலை. நாலாம் நாள் கபில நிறப் புள்ளி விழுந்தால் வைரஸ். எட்டாம் வகுப்போடு நின்றவர்தான். ஆனாலும் அவர் "புள்ளி" என்றால் கந்தோர் அதிகாரி, துரை, அறிக்கையில் ஒப்பமிடுவார்.

1973இல் நைலோன் கயிறு தட்டுப்பாடு. மயிலிட்டியில் மீன்பிடி வள்ளம் வைத்திருந்த சம்மாட்டிமார் சணல் நாருக்கு அலைந்தார்கள். அரியாலையில் கனகாம்பிகை என்ற விதவை தன் ஆறு பரப்புக் காணியிலும் சணல் போட்டிருந்தாள். இலை வெளிறத் தொடங்கியதும் கடதாசியில் சுற்றிக்கொண்டு வந்தாள்.

"அண்ணை, பிடுங்கச் சொல்லிப்போடாதேங்கோ. எனக்கு வேறை ஒண்டும் இல்லை."

"செடி சொல்லுறதைத்தான் பிள்ளை நான் சொல்லுவன்."

நாலு செடியில் சாறு தடவினார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று ஐந்தாவதில் வெறுந்தண்ணீர். அதைப் பிறகு எட்டிப் பார்க்கும் வழக்கம் எப்போதோ விட்டுப்போயிருந்தது. தண்ணீரில் என்ன வரப்போகிறது?

நாலிலும் புள்ளி. துரை ஒப்பமிட்டார். சணலைப் பிடுங்கி எரிக்கும்போது நமசிவாயமே சாட்சியாக நின்றார். பச்சைச் சணல் லேசில் பற்றவில்லை. மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டியிருந்தது.

மறுநாள் சட்டிகளைக் கழுவ எடுத்தபோது ஐந்தாவது செடியிலும் புள்ளிகள்.

விரலை மோந்து பார்த்தார். சுருட்டு வாசம். காய்ந்த புகையிலையிலும் இந்தப் புள்ளியை விழுத்தும் வைரஸ் சாகாது என்று துரை எப்போதோ சொல்லியிருந்தார். சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவி, மிஞ்சிக் கிடந்த அவளுடைய இலையை இடித்துப் புதுச் செடிகளில் தடவினார். எட்டு நாள் பார்த்தார். ஒரு புள்ளி இல்லை.

துரையிடம் சொல்லவில்லை. அரியாலைக்குப் போய் அவளிடம் சொன்னார். அவள் சிரித்தாள்.

"எரிச்ச பிறகு உங்கடை செடி வேறை கதை கதைக்குதோ?"

"என்ரை கைப்பிழை, பிள்ளை."

"அப்ப அதை எழுதித் தாங்கோ. நோய்க்காணி எண்டு ஒருத்தரும் குத்தகைக்கும் எடுக்கினமில்லை, விதையும் தருகினமில்லை. கடுதாசி இருந்தாக் காட்டுவன்."

பென்சனுக்கு இன்னும் ஆறு வருடம் இருந்தது.

"எழுதினா உத்தியோகம் போயிடும்."

"அப்ப ஏன் வந்தனீங்கள்?"

"சொல்ல வேணும்போலை இருந்தது."

"சொல்லிப்போட்டியள். போங்கோ."

பென்சன் கிடைத்த மாதம் எழுதிக்கொண்டு போனார். காணி கைமாறி அதில் கல்வீடு எழும்பியிருந்தது. கனகாம்பிகை வன்னியில் யாரோ வீட்டில் சமைக்கிறாள் என்றார்கள். விலாசம் ஒருவருக்கும் தெரியவில்லை.