தூசி படியாத கம்பிவலை

ராகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நான் கிளார்க்காக இருந்தேன். அங்கே பரிசோதனைக்கு ஓர் இன்ஸ்பெக்டர் வருவார். ஒல்லியான மனிதர், எதையும் ஒரு விரலால் தடவிப் பார்த்த பிறகே பேசுவார்.

மெஷின் பெல்ட்டில் கை சிக்காதிருக்கக் கம்பிவலை போட வேண்டும் என்பது சட்டம். ஒருவருக்கு இரண்டு விரல் போயும், இடைஞ்சல் என்று வலையைக் கழற்றியே வைத்திருந்தோம். இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டு வரும் காலையில் மட்டும் மாட்டுவோம்.

ஒருநாள் அப்படி மாட்டிய வலையை அவர் தடவினார். விரலில் தூசி இல்லை.

"தினமும் தொடைக்கிறோங்க ஐயா," என்றார் தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர்.

"அப்ப பக்கத்துச் சுவத்த மட்டும் ஏன் தொடைக்கலைங்க?"

டீமேக்கர் என்னைப் பார்த்தார். அதன் பிறகு வலையைக் கழற்ற நான் விடவில்லை.

அடுத்த மாதம் இன்ஸ்பெக்டர் சொல்லாமல் வந்தார். வலை மாட்டியிருந்தது. தடவிய விரலில் தேயிலைத் தூள் அப்பியிருந்தது. அதைத் துடைக்காமலே எனக்குக் கைகொடுத்தார். அதுவரை அவர் யாருக்கும் கைகொடுத்து நான் பார்த்ததில்லை.