நிமிர விடாத ஆண்டவர்

சகோதரங்களே, கதிரையில இருந்துகொண்டு பேசுறதுக்குக் குறை நினைக்காதீங்க. கனநேரம் நிண்டா இந்த இடுப்பு, நாரி விடாது. ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லத்தான் வந்தனான்.

நான் மட்டக்களப்பு டவுனில தீயணைப்புக்காரன். சுனாமி அடிச்ச கிழமை எங்களை வாகரைப் பக்கம் அனுப்பினாங்க. நெருப்பு இல்ல, சனத்தைத் தூக்குற வேலை. உசிரோட கொஞ்சப் பேர், மற்றதெல்லாம் சவம். தண்ணியில ஊறின உடம்பு என்ன பாரம் தெரியுமா? அங்கதான் என்ட நாரி போனது.

மறுகா வருஷத்துக்கு வருஷம் நாரி நோவு கூடிச்சு. தண்ணி நிறைஞ்ச குழாயைத் தோளில போட்டா வலது கால் விறைச்சுப்போகும். சப்பாத்தை என்ட மனிசிதான் குனிஞ்சு மாட்டிவிடுவா. டொக்டர் இனிப் பாரம் தூக்கக் கூடாது எண்டார். அதை எங்கட பொறுப்பதிகாரியிட்டச் சொன்னா வண்டியில ஏத்தமாட்டார், வேலையே போனாலும் போகும். யுத்தம் வேற. செக் பொயின்டுகளில என்னைக் காப்பாத்தினது அந்த யூனிபோம்தான். அதைக் கழட்டினா நான் ஆர்? சொல்லவும் ஏலாது, தூக்கவும் ஏலாது. காலம்பற கட்டிலில கிடந்து, என்னை நிமிர்த்தும் ஆண்டவரே எண்டு அழுவன். பதிலே இல்ல. கோபம் கோபமா வரும். ஓம், ஆண்டவரோடதான் கோபம்.

யுத்தம் முடிஞ்ச வருஷம், ஒரு மத்தியானம், அரிசி ஆலை ஒண்டு பத்திச்சு. நானும் என்ட கூட்டாளி தவமும் குழாயோட உள்ளுக்குப் போனம். முன்னுக்குப் பிடிக்கிறவன் நான், பின்னால இழுத்துத் தாறவன் அவன். நெல்லு மூட்டைகளுக்கு இடையில குனிஞ்சன். நாரி பிடிச்சிட்டுது. நிமிர ஏலாது, திரும்ப ஏலாது. புகைக்குள்ள தவத்தையும் காணல்ல. பிள்ளைகள் ரெண்டும் கண்ணுக்குள்ள வந்தாங்க. "ஒருக்கா நிமிர்த்தும் ஆண்டவரே" எண்டு கத்தினன். ஒரு விரக்கடை நிமிர விடல்ல.

அந்த நேரம் கூரைப் பக்கம் நிண்ட புகை அப்படியே நெருப்பாப் பத்தி என்ட தலைக்கு மேலால ஓடிச்சு. நிமிர்ந்து நிண்டிருந்தா முகமும் நெஞ்சும் கருகியிருக்கும். எனக்குத் தலைக்கவசம்தான் உருகினது. தவம் குழாயைத் தடவித் தடவி ஊர்ந்து வந்து என்ட காலைப் பிடிச்சான்.

"எழும்பாத மச்சான். அப்படியே கிட" எண்டான்.

குனிஞ்ச கோலத்திலயே வெளிய இழுத்துப் போட்டான்.

ஆஸ்பத்திரியில வச்சுப் பொறுப்பதிகாரியிட்ட எல்லாத்தையும் சொன்னன். நல்லா ஏசினார். ஆனா வேலையால நிப்பாட்டல்ல, வண்டிக்குப் பக்கத்தில பம்பு பாக்க விட்டார். அதுக்கும் தோத்திரம்.

நாரி இன்னும் சுகமில்ல. கேட்டது கிடைக்காம முடங்கிக் கிடக்கிறவங்க இஞ்ச இருந்தா, ஜெபத்தை விட்டுராதீங்க. குனிஞ்சபடியே கேளுங்க. நானும் நிமிர்த்தும் எண்டுதான் இன்னும் கேக்கிறன். எப்ப நிமிர்த்துறது எண்டு அவருக்குத் தெரியும்.