ஐம்பது ஃபெனிக் ஆல்மா

எங்கள் ஹோல்ஸ்ரோட ஊரில் ஆல்மா அக்காவின் வாய்க்குப் பயப்படாதவர் கிடையாது. வாத்து விற்பாள், கூடவே ஊர்ப் பெரிய மனிதர்களின் மானத்தையும் விற்பாள். சந்தையில் நீரூற்றடிதான் கல்யாணமான நாளிலிருந்து அவள் இடம். ஒருநாள் மேயர் வின்டர்ஃபெல்டின் தொப்பையைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டாள். வாத்துச் சத்தம் பொறுக்கவில்லை என்று மறுவாரமே அவளை இறைச்சிக் கொட்டகைக்குப் பின்னால் துரத்திவிட்டார். அங்கே ஈயைத் தவிர யார் வருவார்கள்? விற்காத வாத்துகளோடுதான் அவள் வீடு திரும்புவாள்.

உலகப் போர் முடிந்தும் சில்லறைப் பஞ்சம் தீரவில்லை. ரொட்டிக்கடைக்காரியான நான் பாக்கிக்குப் பதில் பன் கொடுத்தே ஓய்ந்துபோனேன். அக்கம்பக்கத்து ஊர்களைப் போல எங்கள் நகராட்சியும் சொந்தமாக நோட்டு அடித்தது. அரை மார்க் மதிப்புள்ள ஐம்பது ஃபெனிக் நோட்டில் ஆல்மாவை வரையச் சொன்னவர் மேயர்தான்: நீரூற்றடியில், வாத்துகளுக்கு நடுவே, வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறாள். கீழே நகராட்சி முத்திரை, அவர் கையெழுத்து. ஊர் சிரித்தால் அவள் அடங்குவாள் என்று கணக்குப் போட்டிருந்தார்.

ஊர் சிரித்தது உண்மைதான். ஆனால் ஆளாளுக்கு நோட்டை ஆசையாக எடுத்து வைத்துக்கொண்டார்களே தவிர, ஒருவரும் செலவழிக்கவில்லை. என் கல்லா பழையபடி காலி. நகராட்சியோ நோட்டுக்கு ஈடாக எங்களிடம் வாங்கிய, யாரும் திருப்பிக் கேட்காத நல்ல காசில் பள்ளிக்கூடத்துக்குக் கூரையே போட்டுவிட்டது.

அடுத்த சனிக்கிழமை ஆல்மா வாத்துகளை ஓட்டிக்கொண்டு நேராக நீரூற்றடிக்கு வந்துவிட்டாள். போலீஸ்காரர் போகச் சொன்னார். மேயரும் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். அவள் நோட்டை நீட்டினாள்.

"இதுல நான் எங்கய்யா நிக்கிறேன்?"

"நீரூற்றடியில," என்றார் போலீஸ்காரர், யோசிக்காமல்.

"கீழ யார் கையெழுத்து?"

போலீஸ்காரர் மேயரைத் திரும்பிப் பார்த்தார்.

"படம் பொய்னா நோட்டும் பொய்தானே, மேயர் ஐயா? சொல்லிடுங்க. எல்லாரும் இப்பவே திருப்பிக் குடுத்து நல்ல காசு வாங்கிக்கிறோம்."

கூட்டத்தில் நான்தான் முதலில் நோட்டைத் தூக்கிக் காட்டினேன். அப்புறம் சந்தை முழுக்கக் கைகள். வாங்கிய காசுதான் கூரையாகிவிட்டதே! மேயரின் முகம் பீட்ரூட் மாதிரி ஆகிவிட்டது.

"இந்த நோட்டு டிசம்பர் வரைக்கும்தான் செல்லும்," என்றார் கடைசியில்.

"அதுவரைக்கும் நிக்கிறேன். அப்புறம் வேற நோட்டு அடிங்க. அதுல என்னைக் கொஞ்சம் ஒல்லியா போடுங்க."

மேயருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இருப்பதிலேயே கொழுத்த வாத்தாகப் பார்த்து ஒன்று வாங்கிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு பணம் பட்ட பாடு ஊரறிந்தது. விலைவாசி ஏறி மதிப்பிழந்துபோன, கோடி கோடியாக அச்சடித்த நோட்டுகளை அடுப்பில் போட்டு எரித்தோம். ஆல்மா நீரூற்றடியை விட்டு நகரவே இல்லை.