பாவாயி மகளுக்கு நிலா எதற்கு?

போன ஞாயிற்றுக்கிழமை நாமக்கல் பக்கம் ஒரு கிரகப்பிரவேசம். பந்தியில் என் பக்கத்தில் லாரி வைத்திருக்கும் பழைய வகுப்புத் தோழர் செங்கோட்டுவேல். அப்பளத்தை நொறுக்கியபடி ஆரம்பித்தார்.

"ஏனுங்க, இங்க ஆயிரம் அடி போர் ஓட்டுனாலும் புழுதிதான் வருது. இவுங்க நிலாவுல போயித் தண்ணி தேடறாங்களாம்!"

பந்தியே சிரித்தது. நானும்தான். இதே கிண்டலை இதே பத்திரிகைப் பத்தியில் எழுதிப் பாராட்டு வாங்கியவன் ஆயிற்றே!

சாம்பார் வாளியோடு வந்த பாவாயி என்ற பெண்மணி அப்படியே நின்றுவிட்டார்.

"சிரிங்க சாமி. நிலா மண்ணு மாதிரி வேணும்னு எங்கூருப் பக்கத்துப் பாறையத்தான் எடுத்துட்டுப் போனாங்க. எங்க அம்மணிக்கு, எம் மவளுக்கு, இப்ப அந்த விண்வெளிப் படிப்புக்கே எடங் கெடச்சிருக்குது. திருவனந்தபுரத்துல."

உண்மைதான். நிலவில் இறங்கும் கலத்தைச் சோதிக்க, நம் நாமக்கல் பாறையைப் பொடித்துத்தான் மண் தயாரித்தார்கள்.

எதிர் வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பாவாயியின் அண்ணன் நிமிர்ந்தார்.

"பொட்டப்புள்ளைக்கு ராக்கெட்டு எதுக்கு? பி.எட். முடிச்சா உள்ளூர்லயே டீச்சராவலாம். அவள அனுப்புனீன்னா உன்ற ஊட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்!"

பாவாயிக்குக் கணவர் இல்லை. இருக்கிற ஒரே துணை இந்த அண்ணன்தான்.

"மிதிக்காட்டிப் போங்கண்ணா. அவ போவா."

சொன்னவர், அண்ணன் இலையில் சாம்பாரை ஊற்றிவிட்டுத்தான் நகர்ந்தார்.

நான் இலையை மூடி எழுந்தேன். ஊரடைத்து வைக்கும் கட்-அவுட்டிடம், வாணவேடிக்கையிடம் என்றைக்காவது 'நீ சோறு போடுவாயா?' என்று கேட்டிருக்கிறோமா? ராக்கெட்டிடம் மட்டும் கேட்கிறோம். புயல் வருகிறது என்று மேலேயிருந்து அது சொன்னால் மட்டும் முதல் ஆளாய் ஜன்னலைச் சாத்துகிறோம்!

பசியெல்லாம் தீர்ந்த பிறகுதான் வானத்தைப் பார்க்கலாம் என்றால், பசித்த வீட்டுப் பிள்ளைகள் எந்த ஜென்மத்தில் பார்ப்பது? வயிறு காய்ந்தால் கண்ணுமா மூடிக்கொள்ளும்? போகட்டும்... நிலாவுக்கும் போகட்டும், அதற்கப்பாலும் போகட்டும். என் பழைய கிண்டலை இத்துடன் வாபஸ் வாங்குகிறேன். கோபித்துக்கொண்டு கடிதம் எழுதுகிறவர்கள் தாராளமாக எழுதலாம்.

புதன்கிழமை வழியனுப்பச் சேலம் ஜங்ஷனுக்குப் போயிருந்தேன். பாவாயியின் மகள் கௌசல்யா, ஒரு சூட்கேஸ், ஒரு கட்டைப்பை.

"பயமா இருக்காம்மா?"

"இருக்குதுங்க. அதுக்காகப் போகாம இருக்க முடியுங்களா?"

பாவாயி நொடிக்கொரு தரம் பிளாட்பார வாசலையே திரும்பிப் பார்த்தார். மாமன் கடைசிவரை வரவில்லை.

ரயில் அவருக்காகக் காத்திருக்கவும் இல்லை.