நாலாம் நம்பர் ஆட்டின் இரண்டாவது பீக்

ஒரே ஒரு மருந்து கொடுத்த ஆட்டின் ரத்தத்தில் இரண்டு பீக் வந்தது.

பெரியபட்டினத்தில் வீடுகளில் வளரும் ஆறு வெள்ளாடுகளுக்கு ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டு, அது ரத்தத்தில் எத்தனை மணி நேரம் தங்குகிறது என்று ஆய்வகத்தில் எச்.பி.எல்.சி. கருவியில் அளந்துகொண்டிருந்தோம். கருவி ஒவ்வொரு பொருளையும் பிரித்து, அதனதன் நிமிடத்தில் ஒரு கூம்பாக வரையும், அதுதான் பீக். எங்கள் மருந்துக்கு ஏழாம் நிமிடம். நாலாம் நம்பர் ஆட்டுக்கு மட்டும் மூன்றாம் நிமிடத்திலும் ஒன்று.

கருவிக்குள் ஓடும் கரைசலைப் புதிதாகக் கலக்கினேன். குப்பிகளை மாற்றினேன். பீக் அசையவில்லை.

மிச்சமிருந்தது மனிதர்கள். ரத்தம் எடுத்து பிளாஸ்மா பிரிப்பவர் முத்துலட்சுமி, ஒப்பந்தப் பணியாளர். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் ஃபைல் அப்போது இயக்குநர் மேசையில் இருந்தது. 'மாதிரியைக் கையாள்வதில் கவனக்குறைவு' என்று அவர் பெயருக்கு மெமோ எழுதி, நகலை அந்த ஃபைலுக்கே அனுப்பினேன். முப்பது வருட அனுபவம் உள்ளவன் தேடினால் குற்றவாளி கிடைக்காமல் போவதில்லை.

முத்துலட்சுமி மெமோவை இரண்டு முறை படித்தார். "என் கை அழுக்குன்னா ஆறு ஆட்டுக்கும்தானே சார் வரணும்? அந்த ஆட்டுக்காரங்க வீட்டுல ஒரு வார்த்த கேட்டுட்டு வருவோம்."

பாடப்புத்தகத்தில் முதல் பக்கத்தில் இருக்கும் விஷயம். இருந்தும், அவர் சொல்வது தப்பு என்று காட்டவே ஜீப்பில் ஏறினேன்.

ஆட்டுக்காரர் ரஹ்மத் பீவி எதையும் மறைக்கவில்லை. "ஒரு நாளைக்கு நாலு தடவ கழுத்துல குத்துறீக. வாயில்லாச் சீவன், வலிக்காதா? மகன் துபாய்ல இருந்து கொண்டாந்த காய்ச்ச மாத்திரையில பாதிய வாழப்பழத்துல வச்சுக் குடுத்தேன்."

"எங்ககிட்ட சொல்லலையே ராத்தா," என்றார் முத்துலட்சுமி.

"யாரு கேட்டீக? ஊசிய நீட்டிக்கிட்டு வாரீக, போறீக. இந்த சாரு ஆட்டையே இன்னைக்கித்தான் பாக்குறாரு."

திரும்பியதும் பாராசிட்டமாலைக் கரைத்துக் கருவியில் செலுத்தினேன். மூன்றாம் நிமிடம். நாலாம் நம்பர் ஆட்டின் வரைபடத் தாளையும் இதையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தபோது அந்தக் கூம்பு அச்சாகப் பொருந்தியது.

வீட்டில் வேறு மருந்து கொடுத்தீர்களா என்ற கேள்வி எங்கள் படிவத்தில் இல்லை. படிவத்தைத் தயாரித்தவன் நான். இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: கருவியைக் கழற்றும் முன், ஆட்டைப் பிடித்துக்கொண்டிருந்தவரைக் கேளுங்கள்.

ஃபைல் கையெழுத்தாவதற்குள் இரண்டாவது மெமோவை நானே இயக்குநரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். 'கவனக்குறைவு' என்ற சொல்லை எடுக்கவில்லை. பெயரை மட்டும் மாற்றியிருந்தேன்.